வாங்கிய படம் யாருடையது

1960களிலோ 70களிலோ வந்த ஒரு தமிழ்ப் படத்தை, பெயர்கள் ஓடத் தொடங்கும் இடத்திலிருந்து 'சுபம்' வரை ஒரு காட்சியும் ஒரு பாடலும் குறையாமல், ஒளிப்பதிவாளர் வைத்த சட்டகத்திலேயே இன்று பார்க்க விரும்புகிறவருக்கு வழிகள் மிகக் குறைவு. யூடியூபில் அந்தப் படம் பெரும்பாலும் இருக்கும். ஆனால் 4:3 அளவில் எடுத்த படத்தை இன்றைய அகலத் தொலைக்காட்சிக்காக மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள். நடிகர்களின் நெற்றி பாதியில் நிற்கும். மூலையில் பதிவேற்றியவர்களின் முத்திரை படம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டணத் தளங்களில் அந்தக் காலத்துப் படங்கள் சொற்பம், இருப்பவையும் உரிம ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அங்கே இருக்காது. மிஞ்சுவது, பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் விசிடியாகவும் டிவிடியாகவும் கடைகளில் விற்பனையான பிரதிதான். பல படங்களுக்குப் பொதுமக்கள் கைக்கு எட்டியவற்றில் அதைவிட நல்ல பிரதி வேறில்லை. நான் தகடுகளைச் சேர்ப்பதற்கு இதுவே முதற்காரணம். படத்தின் துல்லியமும் அட்டைப்பெட்டியின் அழகும் எனக்கு அதற்கு அடுத்தபடிதான்.

தகடா, டிஜிட்டலா என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, தகடும் டிஜிட்டல்தான் என்பது. விசிடியில் இருப்பதும் கோப்புதான், ப்ளூரேயில் இருப்பதும் கோப்புதான். ஆகவே கோட்டை வேறிடத்தில் போட வேண்டும். யாருடைய அனுமதியும் இல்லாமல், இணையம் இல்லாமல், விற்ற நிறுவனமே இல்லாமல் போன பிறகும் நான் போட்டுப் பார்க்கக்கூடிய படம் ஒரு பக்கம். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய கணினி சம்மதித்தால் மட்டுமே திறக்கும் படம் மறுபக்கம். முதல் வகையைத்தான் நான் உடைமை என்று கருதுகிறேன்.

இரண்டாம் வகைக்குப் பணம் கட்டியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குச் சான்றுகள் ஏராளமாக உண்டு. அமெரிக்காவில் பெரிய ஸ்டுடியோக்கள் பலவும் சேர்ந்து 2011இல் அல்ட்ராவயலெட் என்ற பொதுப் பெட்டகத்தைத் தொடங்கின; டிவிடி வாங்கினால் உள்ளே ஒரு குறியீட்டெண் வரும், அதைப் பதிந்தால் அந்தப் படம் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும் என்பது ஏற்பாடு. 2019 ஜூலை 31 அன்று அதை மூடினார்கள். ஜப்பானிய அனிமேப் படங்களையும் தொடர்களையும் விற்ற ஃபனிமேஷன் நிறுவனத்தின் தளம் 2024 ஏப்ரலில் க்ரஞ்சிரோல் என்ற இன்னொரு அனிமேத் தளத்துடன் கலந்தபோது, தகட்டோடு வந்த குறியீட்டெண்ணைக் கொண்டு வாடிக்கையாளர்கள் பதிந்துவைத்திருந்த டிஜிட்டல் பிரதிகள் புதிய தளத்துக்கு வரவில்லை. ஆனால் அந்தக் குறியீட்டெண் வந்த பெட்டிக்குள் இருந்த தகடு இன்றும் ஓடும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ப்ளேஸ்டேஷன் இணையக் கடையில் ஸ்டுடியோகனால் நிறுவனத்தின் படங்களை விலை கொடுத்து வாங்கியிருந்தவர்களின் கணக்கிலிருந்து 2022 ஆகஸ்ட் இறுதியில் அவை நீக்கப்பட்டன. அடுத்த ஆண்டு டிசம்பரில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளுக்கும் அதே அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பின் உரிமம் நீட்டிக்கப்பட்டு அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. நீக்கியதைவிட, நீக்க முடியும் என்பதும், அதற்கு வாடிக்கையாளரின் சம்மதம் தேவையில்லை என்பதும்தான் என்னை உறுத்துகின்றன.

கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் இயற்றி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் இந்த விஷயத்தில் நேர்மையானது என்று நினைக்கிறேன். வாடிக்கையாளருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெறாமல், டிஜிட்டல் பொருளை விற்பனை என்று விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது அது. அதே சட்டம், நிரந்தரமாகத் தரவிறக்கி இணையமில்லாமல் வைத்துக்கொள்ளும்படி தரப்படும் பொருளுக்கு விலக்கு அளிக்கிறது. விற்றவர் பின்னால் வந்து பிடுங்க முடியாதது எதுவோ அதை விற்றதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள். நான் மேலே போட்ட கோட்டைச் சட்டமும் ஏறத்தாழ அதே இடத்தில் போட்டிருக்கிறது.

நம் ஊரில் இது எட்டாத தொலைவில் நடக்கும் செய்தி அல்ல. தணிக்கைச் சான்று பெற்று 2023 டிசம்பரில் திரையரங்குகளில் ஓடிய 'அன்னபூரணி', அதே மாத இறுதியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்து, சர்ச்சையை அடுத்து 2024 ஜனவரியில் அங்கிருந்து எடுக்கப்பட்டது. 'குட் பேட் அக்லி' படத்தில் தம் பாடல்கள் பயன்படுத்தப்பட்டதற்கு எதிராக இளையராஜா தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும், 2025 செப்டம்பரில் அந்தப் படமும் நெட்ஃபிளிக்ஸிலிருந்து இறங்கியது. இந்த இரண்டு விவகாரங்களிலும் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். இசையமைப்பாளரின் உரிமையை நான் மதிக்கிறேன். தகடுகளைச் சேர்ப்பவனாக நான் கவனிப்பது ஒன்றைத்தான். திரையரங்கில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்த ஒரு வடிவம், ஒரே நாளில், எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் மறைய முடிகிறது. நாளை அது வேறொரு பாடலோடும் ஒரு வசனம் குறைந்தும் திரும்பி வந்தால், முன்பு என்ன இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கக்கூட எவரிடமும் பிரதி இருக்காது. அச்சிட்டு விற்ற தகட்டை அப்படித் திருத்த முடியாது. அதில் உள்ளது நல்லதோ கெட்டதோ, அந்த ஆண்டு வெளிவந்தது அதுதான் என்பதற்கு அது சான்றாக நிற்கும்.

தமிழ்நாட்டு வீடுகளுக்குப் படத்தைத் தகடாகக் கொண்டுவந்தது விசிடி. 1993இல் வகுக்கப்பட்ட அந்த முறை மிக எளிமையானது: 352×288 புள்ளிகள், நொடிக்கு ஏறத்தாழ 1.15 மெகாபிட் அளவில் சுருக்கிய படம், ஒரு தகட்டுக்கு 74 நிமிடம். அதனால் இரண்டரை மணி நேரப் படம் இரண்டு அல்லது மூன்று தகடுகளாக வரும், தகட்டை மாற்ற எழுந்திருக்கும் நேரமே வீட்டு இடைவேளையாக இருக்கும். அந்த நாட்களில் சட்டபூர்வமான தகடுகளின் விலை அதிகம், பர்மா பஜாரிலும் பேருந்து நிலைய வாசல்களிலும் விற்ற திருட்டு விசிடியின் விலை குறைவு. திருட்டு விசிடியை ஒடுக்கவே தமிழ்நாடு அரசு 2004இல் குண்டர் சட்டத்துக்குள் வீடியோ திருட்டையும் சேர்த்தது. ஆனால் சந்தையை உண்மையில் மாற்றியது விலை என்றே நினைக்கிறேன். மோசர் பேயர் நிறுவனம் நூற்றுக்கணக்கான படங்களின் உரிமையை வாங்கி, விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று மளிகைக் கடை வரைக்கும் கொண்டுபோய் வைத்தது. ஒரு மசால் தோசை விலைக்குக் கிடைத்த அந்தத் தகடுகளில், அதற்கு முன்பும் பின்பும் எவரும் வெளியிடாத கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தன. அந்த நிறுவனம் 2018இல் கலைக்கப்படும் நிலைக்கு வந்தது. அது விற்ற தகடுகள் என் அலமாரியில் இன்றும் ஓடுகின்றன. ஒரு ஸ்ட்ரீமிங் நிறுவனம் அப்படி முடிந்துபோயிருந்தால் அதன் வாடிக்கையாளரிடம் என்ன மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

இந்த விசிடிகளைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக அவசரமாகக் காப்பாற்ற வேண்டியவை இவைதாம். கணினித் தரவு பதிந்த ஒரு சிடியில், ஒவ்வொரு துண்டிலும் 2048 பைட் தரவோடு, கீறலால் சில பிட்டுகள் போனாலும் கணக்குப் போட்டு மீட்டுக்கொள்வதற்கான கூடுதல் தகவலும் எழுதப்பட்டிருக்கும். விசிடியை வகுத்தவர்கள் இடத்தை மிச்சப்படுத்த அந்தக் கூடுதல் பாதுகாப்பை விட்டுவிட்டு, அதே துண்டில் 2324 பைட் படத்தையே நிரப்பினார்கள். 650 மெகாபைட் கொள்ளளவு உள்ள தகட்டில் ஏறத்தாழ 740 மெகாபைட் படம் அடங்கியது அப்படித்தான். அடிப்படையான பிழைதிருத்தம் இருக்கிறது என்றாலும், தரவுத் தகடு தாங்கிக்கொள்ளும் கீறலில் விசிடி கட்டம் கட்டமாகச் சிதறுவதற்குக் காரணம் இதுவே. அதோடு, சிடி வகைத் தகடுகளில் படத்தைத் தாங்கும் அலுமினியப் பூச்சு மேல்பக்கத்தில், பெயர் அச்சிட்ட பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் மட்டுமே இருக்கிறது. எல்லாரும் பளபளக்கும் கீழ்ப்பக்கத்தைக் காப்பாற்றுவார்கள், பெயர்ப் பக்கத்தை மேசையில் தேய்ப்பார்கள். கீழ்ப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்ய வழியுண்டு. மேல்பக்கத்தில் பூச்சு பெயர்ந்தால் அந்த இடத்தில் இருந்த காட்சி போனது போனதுதான். டிவிடியில் தரவு இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்த ஆபத்து குறைவு. ஆக, வேறெங்கும் கிடைக்காத பழைய தமிழ்ப் படங்கள் பலவும் மிக நலிந்த தகட்டில்தான் பதிவாகியிருக்கின்றன.

டிவிடிக்கு வந்த தமிழ்ப் படங்களின் நிலை மேம்பட்டது, ஆனால் சீரானதல்ல. மூன்று படங்களை ஒரே தகட்டில் திணித்து விற்றவையும் உண்டு, 4.7 கிகாபைட்டை மூன்றாகப் பங்கிட்டால் முகங்கள் மெழுகாவதைத் தவிர்க்க முடியாது. மறுபுறம், லண்டனிலிருந்து ஐங்கரன் நிறுவனம் வெளியிட்ட டிவிடிகள் அகலத்திரை அளவைக் காப்பாற்றி, ஆங்கிலத் துணையுரையோடு வந்தன. லண்டனிலும் பாரிசிலும் டொராண்டோவிலும் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் பலர் வீட்டுத் தமிழையும் திரைத் தமிழையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டதில் அந்தத் துணையுரைகளுக்குப் பங்குண்டு என்று அங்கிருக்கும் உறவினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு தகட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்த்த வரிகள், அந்தப் படம் வேறொரு தளத்துக்குப் போகும்போது கூடவே போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

பாடல்களில் காது பழகியவர்களுக்கு இன்னொரு நுணுக்கமும் தெரிந்திருக்கும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுவது. இந்தியாவில் வழங்கிய பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25. அந்த முறைக்கு மாற்றும்போது படத்தை அப்படியே சற்று வேகப்படுத்துவது வழக்கம் என்பதால், 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், பாடலின் சுருதியும் அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். இசைத்தட்டிலும் கேசட்டிலும் கேட்ட பாடல் படத்தில் மட்டும் கொஞ்சம் கூர்மையாக ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே படத்தின் இரண்டு வெளியீடுகள் கையில் இருந்தால் எது சரியான வேகத்தில் ஓடுகிறது என்று ஒப்பிட்டு அறியலாம். தளத்தில் ஒரே ஒரு பிரதிதான், அது எந்த மூலத்திலிருந்து வந்தது என்று கேட்கவும் வழியில்லை.

துல்லியத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சாதாரண ப்ளூரேயில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடமிருக்கிறது, 4கே ப்ளூரே 100 கிகாபைட் வரை கொள்ளும்; 4கே ஸ்ட்ரீமிங் பொதுவாக நொடிக்கு 15 மெகாபிட்டைச் சுற்றியே நிற்கும். இருட்டுக் காட்சிகளிலும் மழைக் காட்சிகளிலும் இந்த வேறுபாடு வெறுங்கண்ணுக்கே தெரியும்.

தகடு நிரந்தரமானது என்று நான் சொல்லவில்லை. வார்னர் நிறுவனம் 2006 முதல் 2008 வரை தயாரித்த டிவிடிகளில் ஒரு பகுதி உள்ளுக்குள் பழுதாகிப் படிக்க முடியாமல் போவதை 2025இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, மாற்றுத் தகடு தர முன்வந்தது. அலுமினியப் பூச்சுக்குள் காற்றும் ஈரமும் நுழைந்தால் அது கறுக்கும், ஓட்டை விழும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் தகட்டின் ஓரத்திலிருந்து இது தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். தகடுகளைப் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வைப்பதும், மென்மையான பிளாஸ்டிக் உறைகளிலிருந்து எடுத்துக் கெட்டிப் பெட்டிக்கு மாற்றுவதும், துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைப்பதும் சிறு உதவிகள். அவை தள்ளிப்போடும், தடுக்காது.

ஆகவே தகட்டைச் சேர்ப்பவர் அதைப் பிரதியெடுக்கவும் வேண்டும். என் வாதத்தின் மையம் இதுதான். தகடு எனக்கு முக்கியமாக இருப்பது, பிரதியெடுக்க விடாமல் தடுக்கும் மென்பொருள் பூட்டு இல்லாத ஒரு கோப்பை நியாயமாகப் பெறுவதற்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே வாசல் அது என்பதால். விசிடியில் பூட்டே கிடையாது, உள்ளிருக்கும் படக்கோப்பை அப்படியே இழுத்து எடுத்துக்கொள்ளலாம். டிவிடியின் பூட்டு 1999இலேயே உடைந்துவிட்டது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை அனுமதிக்கிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. சொந்தமாக வாங்கிய தகட்டை, எவருக்கும் விற்காமல், எங்கும் பதிவேற்றாமல், தன் வீட்டில் பார்ப்பதற்காகப் பிரதியெடுப்பவர் அந்த நோக்கத்துக்குள் வரமாட்டார் என்பது என் புரிதல். அதே திருத்தம், திரைப்படப் பிரதியை 'முன்பு விற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும்' மறுபடி விற்பதைக் கட்டுப்படுத்திய சொற்றொடரையும் 14ஆம் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. பழைய கடையில் வாங்கிய தகட்டை நண்பருக்குக் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம். கடவுச்சொல்லோடு கட்டிய கணக்கை அப்படி விட்டுச்செல்ல முடியாது.

செலவும் பெரிதில்லை. இரட்டை அடுக்கு டிவிடி ஒன்று அதிகபட்சம் 8.5 கிகாபைட். மறுபடி சுருக்காமல் முழுத் தகட்டையும் உள்ளது உள்ளபடி ஒரே உருவக்கோப்பாக எடுத்தாலும் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அடங்கும். சுருக்கவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஏற்கெனவே மெலிந்த பிரதியை இன்னொரு முறை மெலியவைப்பதற்கு நியாயமே இல்லை. ஹார்ட் டிஸ்க்கும் ஒரு நாள் நிற்கும், அதனால் இரண்டு பிரதிகள், ஒன்று வேறொரு ஊரில் உள்ள உறவினர் வீட்டில். கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்து எழுதிவைத்திருக்கிறேன்.

இது தனிமனிதர் செய்யும் வேலையா, ஆவணக்காப்பகம் செய்ய வேண்டியதல்லவா என்று கேட்பார்கள். காப்பகம்தான் செய்ய வேண்டும். ஆனால் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தொடங்கப்பட்டதே 1964இல். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' அதற்கு முன்பே அழிந்துபோய்விட்டது. 2003 ஜனவரியில் புனேயில், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருள்கள் இருந்த கிடங்கு எரிந்தபோது காப்பகத்துக்குள் வந்து சேர்ந்தவற்றிலும் ஒரு பகுதி போனது. 'கர்ணன்' போன்ற படத்தை டிஜிட்டலாகப் புதுப்பித்து 2012இல் திரையிட்டபோது மக்கள் திரண்டு வந்தார்கள். அந்த வாய்ப்பு எல்லாப் படத்துக்கும் அமையாது. நட்சத்திரம் இல்லாத, வசூல் இல்லாத, உரிமை யாரிடம் இருக்கிறது என்றே தெளிவில்லாத படங்களைப் புதுப்பிக்க எவரும் பணம் போடமாட்டார்கள். அவற்றுக்குத்தான் வீட்டு அலமாரிகள் தேவை.

இந்த வழி அடைபடும் இடமும் உண்டு. 2020இல் 'சூரரைப் போற்று', 2021இல் 'ஜெய் பீம்' ஆகியவை நேராக அமேசான் ப்ரைமில் வெளிவந்தன. இப்போது வரும் படங்களுக்குத் தகடு வெளியாவது மிக அரிது. திரையரங்கிலிருந்து சில வாரங்களில் தளத்துக்குப் போகும் படத்துக்குத் தகடு அச்சிட எவருக்கும் வணிகக் காரணம் இல்லை. தகடு ஓட்டும் கருவிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. சாம்சங் 2019இலும் எல்ஜி 2024இலும் ப்ளூரே கருவித் தயாரிப்பை நிறுத்திவிட்டன, மடிக்கணினிகளில் தகட்டு டிரைவ் எப்போதோ போய்விட்டது. அப்படியானால் கடந்த சில ஆண்டுகளில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றை, எவ்வளவு பணம் கொடுத்தாலும், ஒரு ரசிகர் நேர்மையான வழியில் உடைமையாக்கிக்கொள்ள முடிவதில்லை. பாட்டுக்கு இந்த நிலை இல்லை. ஆப்பிளின் ஐடியூன்ஸ் 2009இலேயே பூட்டில்லாத இசைக்கோப்புகளுக்கு மாறிவிட்டது, இசைத்தொழில் அதனால் அழிந்துவிடவுமில்லை. படத்தயாரிப்பாளர்கள் மட்டும் அந்தப் படியை எடுத்துவைக்கவே இல்லை. பூட்டு வைத்ததால் திருட்டு நின்றதா என்றால், தளத்தில் வெளியான அன்றே திருட்டுப் பிரதியும் வந்துவிடுகிறது. பூட்டு தடுப்பது பணம் கொடுக்கத் தயாராக இருப்பவரை மட்டுமே.

ஒரு தயாரிப்பாளர் தம் படத்தை, துணையுரையோடும் முழு ஒலித்தடத்தோடும், பூட்டில்லாத கோப்பாகத் தம் தளத்திலேயே விற்றால், குடும்பத்தோடு திரையரங்குக்குப் போகும் செலவை அதற்குக் கொடுக்க எனக்குத் தயக்கமே இருக்காது. என்னைப் போன்றவர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மைதான். ஆனால் அலமாரியில் இடமும், பிரதியெடுக்கப் பொறுமையும், படத்தின் மேல் மரியாதையும் உள்ள சிறுபான்மை.

அதுவரை, புதிதாகத் தகடு வாங்குவதைவிட இருப்பதைப் பிரதியெடுப்பதற்கே என் ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கியிருக்கிறேன். உதிரியாக ஒரு டிரைவும் வாங்கிவைத்தாயிற்று. முதலில் கறுப்பு வெள்ளைப் படங்களின் விசிடிகள், அவற்றிலும் பெயர்ப் பக்கத்தில் பூச்சு தூக்கத் தொடங்கியவை, அடுத்து துணையுரையுள்ள லண்டன் டிவிடிகள், ப்ளூரேக்கள் கடைசியில். அவற்றின் மேற்பூச்சு கெட்டியானது, அந்தப் படங்கள் பெரும்பாலும் மறுபடி வெளியாகவும் கூடியவை என்பதால் அவை காத்திருக்கலாம்.